புல்லியைச் சுற்றிய சிவப்பு

மணிமொழியின் கை பத்து வயதுப் பிள்ளையின் கை மாதிரி இருக்கும். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் அவள் வீட்டார், "இந்தக் கைய வச்சிக்கினு வேர்க்கடலைச் செடிகூடப் புடுங்க முடியாது" என்று கேலி செய்வார்கள். ஆனால் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு, செங்கம் ரோட்டில் தசரதனின் ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவளை பானெட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கைதான். இந்தக் காலத்துக் கார்களில் இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே மூன்று விரல் சந்துதான் இருக்கிறது. இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்பைச் சுற்றுகிற பெல்ட்டை அங்கே ஓடவிட்ட மகானுபாவர்கள், பின்னால் அதை மாற்றப்போகிற ஆளுக்கும் கை என்று ஒன்று உண்டு என்பதை யோசிக்கவே இல்லை. ஒர்க்‌ஷாப் முதலாளி தசரதனின் கை மணிக்கட்டோடு நின்றுவிடும். மணிமொழியின் கை முழங்கை வரை போகும். மூன்று வருடமாக பெல்ட் வேலை என்றாலே அவள்தான்.

அதற்குத்தான் இப்போது வேட்டு வந்துவிட்டது.

ரமணாசிரமத்துப் பக்கம் தங்குகிறவர்களை சென்னை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போகிற டிரைவர் சகாதேவன். ஆயுத பூஜை முடிந்த பத்தாம் நாள் அவருடைய காருக்கு மணிமொழி புது பெல்ட் மாட்டிக் கொடுத்தாள். அது ஒன்றரை மாதம்தான் ஓடியது. செஞ்சி தாண்டியதும் நார் நாராகக் கிழிந்து, இஞ்சின் கொதித்து, வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. ஏறியிருந்த அம்மாள் பிளேனைத் தவறவிட்டார். கயிறு கட்டி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த சகாதேவன் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆடித் தீர்த்துவிட்டார்.

"கார்த்திகை தீபத்துக்கு இன்னும் ஒம்போது நாள்தான் இருக்குது. சவாரி ஜாஸ்தியா வர்ற நேரம். பெல்ட்ட மாட்டுனீங்களா, இல்ல சும்மா சொருவி வச்சீங்களா?"

தசரதன் மணிமொழியின் பக்கம் திரும்பினார். "இந்த ஒன்ன மட்டும் மாட்டிக் குடுத்துடு மணி. நாளையிலேர்ந்து வாட்டர் வாஷப் பாத்துக்கோ. பானெட்டுக்குள்ள கை வெக்காத."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அழுகையைவிட, ஏன் கிழிந்தது என்ற கேள்விதான் அவளை அதிகமாக அரித்தது. வீட்டில் குக்கர் விசில் அடிக்காவிட்டால்கூட, காரணம் தெரியாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

முன் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்தாள். கிழிந்த பெல்ட்டைக் கையில் வைத்துப் புரட்டினாள். ஒரு ஓரம் மட்டும் பிய்ந்து தொங்கியது, மறு ஓரம் நேற்று வாங்கியது போல இருந்தது. எதுவோ அதை ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறது. சந்துக்குள் கையை விட்டு, பெல்ட் சுற்றி ஓடுகிற சக்கரங்களை, ஒவ்வொரு புல்லியாகத் தடவினாள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியைத் தொட்டு வெளியே எடுத்ததும் விரலெல்லாம் சிவப்பு.

"அது சாமி குங்குமம்மா, தொடைக்காத" என்றார் சகாதேவன்.

போன தடவை பெல்ட் மாட்டும்போது அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பூஜையன்று இஞ்சினுக்குப் பொட்டு வைத்ததே அவள்தான். ஆனால் அவள் வைத்தது மேலே, பேட்டரிக்குப் பக்கத்தில். அங்கிருந்து உதிர்ந்திருந்தால் வழியெல்லாம் சிந்தியிருக்க வேண்டாமா? டார்ச் அடித்துப் பார்த்தாள். வேறு எங்கும் இல்லை. அந்த ஒரு புல்லியைச் சுற்றி மட்டும், நடுவிலிருந்து வெளியே தெறித்தது போல இருந்தது.

மோந்து பார்த்தாள். மஞ்சள் வாசனையே இல்லை. விழுந்த நட்டு பொறுக்குகிற காந்தக் குச்சியை எடுத்து அந்தத் தூளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தூள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. பூஜை மாடத்திலிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் எடுத்து அதையும் சோதித்தாள். அது அசையவே இல்லை. புல்லியைப் பிடித்து ஆட்டினாள், அது லொடலொடவென்று ஆடியது.

உள்ளே புல்லியைச் சுழலவிடும் பேரிங் தேய்ந்து, துருவும் இரும்புத் தூளுமாகக் கக்கிக்கொண்டிருந்தது. கோணிக்கொண்ட புல்லி பெல்ட்டை ஓரத்தில் தின்றுவிட்டது.

காரணம் பேரிங் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. அவளுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

"போன தடவையும் இந்தச் செவப்பப் பாத்தேண்ணா. நான் வச்ச குங்குமம்தான்னு நெனச்சி, புல்லிய ஆட்டிப் பாக்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

தசரதன் காந்தக் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூஜை அன்னிக்கு எத்தினி வண்டிக்குப் பொட்டு வச்ச?" என்றார் தசரதன்.

"இதையும் சேத்து பதினாலுண்ணா."

"நானா இருந்தாலும் குங்குமம்னுதான் விட்டிருப்பேன். மீதி பதிமூணுலயும் துருவ குங்குமம்னு விட்டிருக்கலாம், எல்லாத்தையும் தீபத்துக்குள்ள வரச் சொல்றேன். உள்ள கைய விட்டு ஒன்னொன்னா நீதான் பாக்கணும்."

அதற்குப் பிறகும் அவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார். மணிமொழிக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அந்தப் பதிமூன்று வண்டிகளுக்குள்ளும் என்ன இருக்குமோ என்று அவளுக்கு அப்போதே பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.