தெற்கு வானத்துக் கொக்கும் மயிலும்

காற்றடைத்த துணிக் கூடாரத்துக்குள் ஆட்களை உட்காரவைத்து, பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டுவது என் தொழில். யாரும் கேட்காத சரக்கைக் கூவி விற்கிறவர்களுக்கு என் பாடு புரியும். கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரி நான். வேனை ஓட்டுவதும், கூடாரத்துக்குக் காற்று ஊதும் மோட்டாரைக் கவனிப்பதும் சாஜன் சேட்டன்.

ராசி மட்டும் போதும்

இடப்பள்ளி மால் ஒன்றில் முதல் நாளே மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொக்கு, மயில் என்று பறவைப் பெயர் கொண்ட தெற்கு வானத்து நட்சத்திரக் கூட்டங்கள் எதுவும் வேண்டாம், ராசிகளைக் காட்டினால் போதும், கூட்டம் வராவிட்டால் நாளைக்கே காலி செய்ய வேண்டும் என்று. நான் ராசிகளைக் காட்டிவிட்டு, கடைசியில் மனசு கேட்காமல் மயிலையும் கொக்கையும் ஃபீனிக்ஸையும் தெற்கிலிருந்து மெல்ல மேலே ஏற்றினேன். உள்ளே ‘ஓ’ என்று ஒரு சத்தம்.

வெளியே வந்த ஓர் அம்மா நேரே போய் மறுபடி வரிசையில் நின்றார். ராசியைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று மேலாளர் விசாரித்தார். அந்த அம்மா சொன்னார்: “விருச்சிகம் எங்க வீட்டுக் காலண்டர்லயே இருக்கு சேட்டா. இந்த மயிலை நான் வேற எங்க போய்ப் பாக்கறது?”

டச்சுக்காரன்

இந்தப் பறவைகளைக் குறித்துவந்து வான வரைபடத்தில் ஏறவைத்தவர்கள் மிளகு தேடிக் கப்பலேறிய டச்சு மாலுமிகள் என்று எங்கள் தெருவில் நடந்த காட்சியில் ஒருமுறை சொன்னேன். மிளகு மண்டிக்காரர் ஒருவர் இருட்டிலிருந்து குரல் கொடுத்தார்: “மிளகோட விட்டான்னு நினைச்சேன், மயிலையும் தூக்கிட்டுப் போய் மேல கட்டிப் போட்டிருக்கானே!”

கரண்ட் போனது

கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கில் காட்சி. சுமை தூக்குகிறவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்களும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கொக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. படம் பேட்டரியில் ஓடியது. மோட்டார் நின்றுவிட்டது. வானம் மெல்லத் தலைமேல் இறங்க ஆரம்பித்தது.

யாராவது பயந்து எழுந்து ஓடினால் குழந்தைகள் மிதிபடும். வாசல் துணியைத் திறந்து பிடிக்கச் சொல்லிச் சாஜன் சேட்டனைக் கூப்பிட்டேன். அதற்குள் நடுவில் ஒருவர் எழுந்து இரண்டு கைகளாலும் துணியைத் தாங்கினார். பக்கத்தில் இன்னொருவர். அப்புறம் நாலா பக்கமும் ஆட்கள் எழுந்தார்கள். நட்சத்திரங்கள் அவர்கள் விரல்களில் வந்து ஒட்டிக்கொண்டன. குழந்தைகள் பயப்படுவதற்குப் பதிலாகக் கைதட்டினார்கள். முதலில் எழுந்தவர் என்னிடம் சொன்னார்: “ஆகாசத்தை நாங்க பிடிச்சுக்கறோம். நீங்க கொக்கைச் சொல்லி முடிங்க மேடம்.”

முடித்தேன்.

ஒன்பதாவது மாடி

அந்த வருஷம் நவம்பரில், நன்றாக இருட்டிய பிறகு ஒரு போன். கொச்சங்காடியில் துணியைத் தாங்கியவர்களில் ஒருவரான முருகேசன், தென்காசிக்காரர், கொத்தனார். மூச்சு வாங்கப் பேசினார். என்ன விபத்தோ என்று பதறிவிட்டேன். “அக்கா, களமசேரியில ஒன்பதாவது மாடியில நிக்கறேன். தெக்கால கொக்கு நிக்குதுக்கா! யாரும் காட்டல, நானே கண்டுபிடிச்சேன்!”

இத்தனை வருஷத் தொழிலில் மின்சாரமும் மேலாளர்களும் என் காலை வாரப் பார்த்ததுண்டு, பறவைகள் மட்டும் ஒரு காட்சிக்குக்கூட லீவு போட்டதில்லை.