நான்கு மாடும் நீலம்

அரசாங்கம் எனக்குப் பணம் தருகிறேன் என்றது. கடன் இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்ததைக் கடையில் விற்கிற பொருளாக மாற்றிக் காட்டினால் போதும். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் விண்ணப்பத்தைத் திறந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

நான் கண்டுபிடித்தது ஒரு மஞ்சள் தாள், விரல் நீளம் இருக்கும். மாட்டின் பாலில் நனைத்தால், மடிநோய் இருக்கிற பால் என்றால் தாள் நீலமாகும். நல்ல பால் என்றால் மஞ்சளாகவே இருக்கும். மடி வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பே காட்டிக் கொடுத்துவிடும் என்பதுதான் இதன் பெருமை. ஆறு வருடம் நுண்ணுயிர்களோடு மல்லுக்கட்டிக் கிடைத்த தாள்.

விண்ணப்பத்தில் முதல் கேள்வி, "உங்கள் வாடிக்கையாளர் யார்?" மாடு என்று எழுதினேன். அழித்தேன். மாட்டுக்காரர் என்று எழுதினேன். அவர் காசு கொடுத்து வாங்குவாரா என்று அடுத்த கேள்வி. பால் சொசைட்டி என்று மாற்றினேன். அப்படியானால் சொசைட்டியின் சம்மதக் கடிதம் எங்கே என்றது அதற்கடுத்தது. தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் தயார் என்பதை ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டுமாம். ஐந்தரை என்று போட்டேன். அரை எல்லாம் கிடையாது என்று கணினி துப்பிவிட்டது. என்னைப் பார்த்தால் அதற்கு எப்படி இருந்ததோ!

முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். நான் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் படியில் நின்று பார்த்தார்.

"இன்னாம்மா, பெரிய தொசியேவா இருக்குதே?" என்றார். ஃபைலுக்கு அவர் சொல்கிற பேர் அது. "நான் உசுரோட இருக்கேன்னு வருஷா வருஷம் காகிதத்துல எழுதி அனுப்பறேன். நேர்ல போய் நின்னாக் கூட நம்ப மாட்டான். உன் தாளு வேல செய்யுதுன்னு நீ சொன்னா மட்டும் நம்பிடுவானா?"

அவர் சொன்னது சரிதான். நேரில் பார்க்க வேண்டும் என்று நிபுணர் குழு கடிதம் போட்டது. ஒரு மாட்டுக் கொட்டகையில், உண்மையான மாட்டின் பாலில், செய்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவு.

உழவர்கரைப் பக்கம் நான்கு கறவை மாடு வைத்திருக்கிற ஓர் அக்கா உண்டு. ஒரு வருடமாக வாரம் தவறாமல் அவர் மாடுகளின் பாலில்தான் என் தாளைச் சோதித்து வந்தேன். ஒருமுறை செவலையின் பாலில் தாள் நீலமானது. மூன்றாம் நாள் அதன் மடி வீங்கியது. அதற்குள் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டிருந்தோம், மாடு தப்பியது. அன்றிலிருந்து அக்காவுக்கு என் தாள் சொன்னால் சொன்னதுதான். என்னை "பாப்பா" என்பார். நாற்பத்திரண்டு வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான்.

குழு வரும் நாள் காலையில் சீக்கிரமே குளித்துவிட்டேன். தாள்கள் இருந்த தகர டப்பாவைப் பூஜை அலமாரி முன்னால் வைத்தேன். புது வண்டி வாங்கினால் செய்ய மாட்டோமா? மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டிலேயே இடித்த குங்குமம். அதை எடுத்து மூடியில் ஒரு பொட்டு வைத்தேன். மனசு கேட்கவில்லை. மூடியைத் திறந்து, மேலாக இருந்த தாள்களை ஒரு தரம் தடவிக்கொடுத்து, நல்லபடியா முடியணும் சாமி என்று மூடினேன். ஆய்வுக்கூடத்தில் கையுறை போடாமல் ஒரு குப்பியைக்கூடத் தொடாதவள் நான்.

மதியக் கறவைக்குக் குழு வந்தது. இரண்டு பேர், பளபளக்கும் ஷூ. சாணியை மிதிக்காமல் வருவதற்கே அவர்களுக்குக் கால் மணி ஆனது. என் திட்டம் சுலபமானது: அக்காவின் நான்கு மாட்டிலும் தாள் மஞ்சளாக இருக்கும், வேறோர் ஊரிலிருந்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த நோய்ப் பாலில் நீலமாகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

முதல் மாடு, நீலம். இரண்டாவதும் நீலம். செவலையும் நீலம். நான்காவது தாளை நனைத்தேன், அதுவும் நீலம்தான். ஐஸ் பெட்டிப் பாலைத் தொடவே எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன வாரம் நான்கும் மஞ்சள். மாடுகள் நன்றாக அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆனால் குழுவில் பெரியவர் கைதட்டாத குறைதான்.

"ஃபென்டாஸ்டிக் மேடம்! வெளிய ஒரு அறிகுறியும் இல்ல, ஆனா உங்க ஸ்ட்ரிப் கண்டுபிடிச்சிடுச்சு. இதத்தானே நீங்க சொன்னீங்க!" என்று நான்கு நீலத் தாள்களையும் வரிசையாக வைத்துப் படமெடுத்தார்.

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு அக்கா நிறைந்த கேனோடு நின்றார். சொசைட்டியில் பால் எடுக்கிற நேரம். "இன்னா பாப்பா, நாலுமா?" என்றார். குரலே எழும்பவில்லை. "எம் பாலு கெட்டுப் போச்சா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இன்னிக்கு ஊத்த வேணாங்க்கா" என்றேன். மாட்டைவிட, அக்காவைவிட, என் தாளைத்தான் நம்பினேன். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொள்வது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

மறுநாள் காலை அந்தப் பாலின் மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் பார்த்தேன். புதுக் கட்டைப் பிரித்து எடுத்த தாள்கள் நான்கும் மஞ்சள். மறுபடி செய்தேன், மஞ்சள். தகர டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். மேலே இருந்த தாள்களின் ஓரத்தில் மங்கலாகச் சிவப்பு, என் விரல் ரேகையோடு. சுண்ணாம்பு காரம், என் தாளுக்குக் காரம் பட்டால் நீலமாகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, சத்தம் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் பெரியவரிடமிருந்து போன் வந்தது. வலுவாகப் பரிந்துரைத்து அறிக்கை எழுதிவிட்டாராம். "கிடைச்ச மாதிரிதான் மேடம்" என்றார். நான் நன்றி சொன்னேன். மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாள் உண்மையில் வேலை செய்கிறது. அப்படியிருக்க எங்கே பொய்? பணம் வரட்டும், அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, அது எப்படி? அவர்கள் கைதட்டியதே அந்த நீலத்துக்குத்தானே? நினைக்க நினைக்க நூல்கண்டு சிக்கலானதுதான் மிச்சம்.

கடைசியில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உழவர்கரைக்குப் போனேன். கேன்கள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன.

"அக்கா, பாலு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னோடது" என்று ஆரம்பித்தேன்.

"நேத்து பாலு, காலைல பாலு, எல்லாத்தையும் வாய்க்கால்ல ஊத்திட்டேன்" என்றார். "சொசைட்டியில நானே போயி சொல்லிட்டேன், எம் மாட்டுப் பால்ல நோவு இருக்குதுன்னு. வாடிக்க வூடுங்களுக்கும் சொல்லிட்டேன். பச்சக் கொழந்தைங்க குடிக்கிற பாலு. மறைக்க முடியுமா, மேடம்?"

மேடம் என்றார். பளாரென்று அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஒரு விண்ணப்பமும் நிரப்பாத அந்த மனுஷி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வந்த உண்மையை, நான் மதியம்வரை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்திருக்கிறேன்.

அன்று மதியக் கறவைப் பாலோடு அக்காவைச் சொசைட்டிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, நான்கு மாட்டுப் பாலையும் தனித்தனியாகச் சோதித்தேன். நான்கும் மஞ்சள். பிறகு என் நெற்றிக் குங்குமத்தை விரலால் தொட்டு, ஐந்தாவது தாளில் தடவி, அதே பாலில் நனைத்தேன். நீலம். "இதான் நேத்து நடந்தது. மாட்டு மேல தப்பு இல்ல. நான் பொட்டு வெச்ச தப்பு" என்றேன். சிரித்துத் தீர்த்தார்கள். ஒருவர், "இன்னாம்மா, தாளுக்கும் நலங்கு வெச்சிட்டியா?" என்றார். செயலாளர் கேனை எடுத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அங்கே நின்றே பெரியவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "குங்குமமா?" என்றார். "மேடம், இத நான் அறிக்கையில எந்தத் தலைப்புல எழுதறது?" எனக்கும் தெரியவில்லை என்றேன்.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, நிராகரிக்கப்படவும் இல்லை, அதே இடத்தில் மறுபடி செய்து காட்டினால் பரிசீலிக்கப்படும். அதே இடம் என்றால் அக்காவின் கொட்டகை. அவருடைய வாடிக்கை வீடுகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரியும். எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

போய்க் கேட்டேன். அக்கா செவலையின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துணியால் துடைத்து, கறக்க உட்கார்ந்தார்.

"வரட்டும்" என்றார். "ஆனா நான் சொசைட்டியில பால ஊத்திட்டு வந்தப்பறம் வரட்டும்."

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது; கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கிட்டே போனேன். அக்கா பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியை என் பக்கமாகத் தள்ளினார்.

"மொதல்ல கைய கழுவுங்க, மேடம்."