மிருகம்மாவின் நாரை

கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூவர் குனிந்தபடி வரிசையாக நடக்கிறார்கள். முன்னால் மிருகம்மா, அவர் இடுப்பைப் பிடித்தபடி மாமியார், மாமியாரைப் பிடித்தபடி கணவர். ஆறு கால் பிராணி ஒன்று சட்டென்று திரும்பினால் எந்தக் கால் முதலில் கிளம்பும் என்பது ஆராய்ச்சிப் பொருள்.

"எப்பப் பாரு, நான்தான் பின்னங்காலா?" என்கிறார் கணவர்.

"வாலு மாதிரி யோசிங்க. கால் தானா வரும்."

"எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சும்மா," என்கிறார் நடுக்கால். "உன் மிருகம் நடுவுல கொஞ்சம் நொண்டும்னு எழுதிக்கோயேன்."

மிருகம்மா நின்று யோசிக்கிறார். "அத்தை, இது நல்லா இருக்கே!" அந்தப் பிராணி அச்சாகிவிட்டது. இன்றும் மாமியாரின் மூட்டுவலியோடுதான் ஆட்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

மிருகம்மா என்று பெயர் சூட்டியது எங்கள் குடியிருப்பு. பகலில் அவர் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவர். மிச்ச நேரத்தில், வளர்ந்தவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்றுக்கு அமானுஷ்ய மிருகங்களை உருவாக்கித் தருகிறார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் அதற்குள் புகுந்து பகடை உருட்டுவார்கள். வழியை மறித்து நிற்கும் மிருகம் இவருடையதாக இருக்கும். எங்கள் வாயிற்காவலருக்கு இதில் தாளாத பெருமை. பார்சல் கொண்டுவருகிறவர்களிடம், "மூணாவது மாடி. பேய் மாடு செய்யறவங்க வீடு. பெல் அடிச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி அனுப்புகிறார். முன்பெல்லாம் லிஃப்டைப் பற்றித்தான் பெருமையடிப்பார். லிஃப்ட் நின்றுவிட்டது, மிருகங்கள் ஓடுகின்றன.

பல்லிலிருந்து தொடங்குகிறவர்களைக் கண்டால் மிருகம்மாவுக்கு ஆகாது. "பல்லு, நகம் எல்லாம் கடைசில பாத்துக்கலாம். மொதல்ல அது எங்க தூங்கும், என்ன திங்கும், எதைப் பாத்தா வெக்கப்படும், அதைச் சொல்லுங்க!" கடைக்கு வருகிறவர்களும் தப்புவதில்லை. எழுத்துப் பலகையின் கடைசி வரியோடு ஒருவர் மல்லுக்கட்டும்போது அவர் மூக்கு விரிகிற விதத்தை இவர் மனத்தில் வாங்கிக்கொள்கிறார். ஒரு வங்கி மேலாளர் அப்படித்தான் சதுப்புநிலத்து எருமையானார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. கண்ணாடி நன்றாகப் பொருந்தியிருப்பதாகச் சொன்னாராம்.

அண்மையில் ஒரு நாரை செய்தார். எல்லா நாரையையும்போல ஒற்றைக் காலில்தான் நிற்கும். ஆனால், மடக்கி வைத்திருப்பதாக நாம் நினைக்கும் மறு கால், செத்தவர்களின் ஊரில் ஊன்றியிருக்கும். நிற்கிற கால் மரத்துப்போனால் நாரை கால் மாற்றிக்கொள்ளும். அப்போது இங்கே இருப்பவர்கள் அங்கே போய்விடுவார்கள். அங்கே இருப்பவர்கள் இங்கே வந்துவிடுவார்கள்.

விளையாட்டுக்கான மிருகங்களைத் தொகுத்து அச்சிடும் புத்தகத்தில் இதற்கு இடம் கிடைப்பதுதான் பிரச்சினை. ஒரே ஒரு பக்கம் பாக்கி. அதற்கு இன்னொருவரின் இரட்டைத் தலைப் புலியும் காத்திருந்தது. பதிப்பாசிரியர் நிபந்தனை போட்டார்: "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆடிப் பாக்கலாம். பீரங்கி பயந்தா நாரை. இல்லன்னா புலி." பீரங்கி என்பவர் அந்த மேஜையின் ஆஸ்தான வீரர். இதுவரை எதற்கும் பயந்ததில்லை. மிருகம்மாவின் எருமையை, அது மூக்கை விரிப்பதற்குள் வெட்டிச் சாய்த்தவர்.

சோதனை ஆட்டத்தில் மிருகத்தைச் செய்தவர் வாய் திறக்கக் கூடாது. மிருகம்மா ஓரமாக உட்கார்ந்தார். மேஜை நடுவில் அவர் களிமண்ணில் பிடித்த நாரை. பதிப்பாசிரியரே கதை சொன்னார். மீனவன் ஒருவன் வந்து காலைப் பற்றி எச்சரித்துவிட்டுப் போனான். பீரங்கி கேட்பாரா? "பறவைக்கெல்லாம் பயந்தா பொழப்பு நடக்குமா? வெட்டறேன்!" பகடை உருண்டது, பெரிய எண்.

"ஒரு இறகு விழுது," என்றார் பதிப்பாசிரியர். நாரை திருப்பி அடிக்கும் விதம் என்ன என்று, மிருகம்மா எழுதித் தந்த தாளைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். பிறகு மிருகம்மாவைப் பார்த்தார்.

அப்போதுதான் மிருகம்மாவுக்கு உறைத்தது. நாரை எங்கே தூங்கும், எதைத் தின்னும், துணையை எப்படிக் கூப்பிடும், அத்தனையும் எழுதியிருந்தார். பல்லும் நகமும் கடைசியில் அல்லவா? அந்தக் கடைசி வரவேயில்லை. நாரைக்கு அடிக்கத் தெரியாது.

"அது... நிக்குது," என்றார் பதிப்பாசிரியர்.

"அடிக்கலையா?"

"இல்ல."

"பறக்கலையா?"

"இல்ல. உங்களையே பாக்குது."

பீரங்கி மறுபடி வெட்டினார். இன்னொரு இறகு. நாரை நின்றது. மேஜையில் யாரோ நாற்காலியை நகர்த்த, பக்கத்திலிருந்தவர் சீறினார்: "சும்மா இருடா! காலை மாத்திடப் போகுது!"

"நான் வெட்டினதுல அதுக்குக் கால் வலிக்குமோ?" என்றார் பீரங்கி. குரல் இறங்கியிருந்தது.

"லேசா அசையுது," என்றார் பதிப்பாசிரியர். தாளில் வேறொன்றும் இல்லை.

"வேணாம், வேணாம்! வாளைக் கீழ போட்டுட்டேன். எல்லாரும் மெதுவா பின்னாடி வாங்க."

வீரர்கள் கதையிலும் நாற்காலியிலும் ஒருசேரப் பின்வாங்கினார்கள். பீரங்கியின் ராசியான பகடை களிமண் நாரையின் காலடியில் கிடந்தது. "அக்கா, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

ஆட்டம் முடிந்துவிட்டதால் மிருகம்மா இனி வாய் திறக்கலாம். "கைக்கு எட்டற தூரந்தானே தம்பி? நீங்களே எடுத்துக்கோங்க."

பீரங்கி கையை நீட்டினார். பாதி வழியில் மடக்கிக்கொண்டார். "இருக்கட்டும்க்கா. அடுத்த வாரம் வாங்கிக்கறேன்."

எல்லோரும் போன பிறகு பதிப்பாசிரியர் தாளை மேஜையில் பரப்பினார். "பக்கம் உங்களுக்குத்தான். ஆனா இந்த அடிக்கிற கட்டம் காலியா இருக்கே. அலகால கொத்தும், அது இதுன்னு ஏதாவது போட்டுடுங்க," என்று பேனாவைத் திறந்து நீட்டினார்.

மிருகம்மா பேனாவை வாங்கினார். காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு மூடியை அழுத்தி மூடி, பேனாவைப் பதிப்பாசிரியரின் சட்டைப் பையிலேயே செருகி, பையை ஒரு தட்டுத் தட்டினார்.