வெல்வெட் உறை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் பம்ப்செட் கம்பெனியில் அந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மரியாதை மனுசர்கள் யாருக்கும் கிடைத்ததில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிங்காநல்லூரில் இருந்த அந்தக் கம்பெனியில் ஏ.சி. போட்ட ஒரே அறை அதனுடையது. முதலாளியின் அறையில்கூட ஃபேன்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதை யாராவது கம்ப்யூட்டர் என்று சொல்லிவிட்டால் முதலாளிக்கு முகம் சுருங்கிவிடும்.

"ஒர்க் ஸ்டேஷன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டருங்கறது கடையில கணக்குப் போட வெச்சிருக்கறது" என்பார்.

பம்பின் படத்தை முப்பரிமாணத்தில் வரைந்து திருப்பித் திருப்பிக் காட்டுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த பிறவி அது. அந்த விலைக்குக் கிணற்றோடு ஒரு தோட்டம் வாங்கியிருக்கலாம் என்று ஃபவுண்டரிக்காரர்கள் பொருமுவார்கள்.

அதற்கு ஒரு வெல்வெட் உறை உண்டு. அரக்கு நிறம், ஓரமெல்லாம் ஜரிகை. பெட்டிக்கும் திரைக்கும் சேர்த்து ஒரே உறை. படம் பார்க்க மட்டும் முன்பக்கத்தைச் சுருட்டி மேலே தள்ளிவிடுவார்கள். முதலாளியின் வீட்டுக்காரம்மா தன் கையால் தைத்துக் கொடுத்தது. அம்மா தைத்ததை அவிழ்க்கும் தைரியம் யாருக்கு வரும்? ஓடினாலும் நின்றாலும் உறையோடுதான். கல்யாணப் பெண்கூட ராத்திரிக்குப் பட்டுப்புடவையை மாற்றிக்கொள்வாள். இது அதுவும் இல்லை.

நான் பக்கத்து அறையில், மரப்பலகையில் டி-ஸ்கொயர் அளவுகோல் வைத்துப் பம்ப் படங்களைக் கையால் வரைந்துகொண்டிருந்தேன். ஒர்க் ஸ்டேஷனைத் தொட ஒருவருக்குத்தான் உரிமை. பெங்களூரில் போய்ப் படித்துவிட்டு வந்த இன்ஜினியர். இனிமேல் எல்லாப் படமும் அதிலேயே வந்துவிடும், பலகை எதற்கு என்ற பேச்சு கிளம்பியிருந்தது. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டில் அதைச் சொன்னபோது அப்பா சந்தோஷப்பட்டார். "இருக்கற வரைக்கும் போய்ட்டு வா கண்ணு. நின்னுபோச்சுன்னா மாப்ள பாத்துப்போடலாம்" என்றார். எனக்கோ அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

முதலாளியின் மச்சினர் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர்களைப் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தி விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் வந்தவர் வெல்வெட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இது போடற படத்த எங்க டப்பாவே போடுமே மச்சா."

"போடுமா? போட்டுக் காட்டு மாப்ள. காட்டிப்போட்டின்னா ட்ராயிங் செக்சனுக்கு உங்கிட்டயே ஒண்ணு வாங்கறேன்."

"ஆரு ஓட்டறது?"

"அந்தப் பலக அம்மணியே ஓட்டட்டும்."

அந்தப் பலக அம்மணி நான்தான். சாயங்காலம் சாயங்காலம் காந்திபுரம் போய்க் கற்றுக்கொண்டேன். டப்பா ஜெயித்தால் எனக்கு நாற்காலி, தோற்றால் மாப்பிள்ளை. இவ்வளவு தெளிவாக என் தலையெழுத்து அதற்கு முன் எனக்குத் தெரிந்ததில்லை.

போட்டி நாளில் மச்சினரின் டப்பா மொபெட்டில், கயிற்றுக் கட்டோடு வந்து இறங்கியது. பக்கவாட்டுத் தகடே இல்லை. குடலெல்லாம் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை வைத்து அதன் வயிற்றுக்குள் காற்றைத் திருப்பிவிட்டார். இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேடிக்கை பார்க்க லேத்துக்காரர்கள், ஃபவுண்டரிக்காரர்கள் என்று கம்பெனியே வந்துவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை. வாசலில் செருப்பு மலை. ஏ.சி. போட்ட குளிரெல்லாம் வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் ஒரே வேலை: பம்ப் ஒன்றின் முழு உடம்பையும் வரைந்து, நிழலும் வெளிச்சமும் கொடுத்து, பல கோணங்களில் காட்ட வேண்டும். இதில் மறைக்க என்ன இருக்கிறது, ஒர்க் ஸ்டேஷன் ஜாதிக்குதிரை. மௌஸை அசைத்தால் பம்ப் சுழன்றது. என்னுடையது அந்தியூர்ச் சந்தையில் விலைபோகாமல் திரும்பி வந்த மட்டக்குதிரை. ஒரு கோடு கேட்டால் யோசித்தது. நிழல் கேட்டால் கரகரவென்று சத்தம் மட்டும் போட்டது. "டீ குடிச்சுப்போட்டு வந்தரலாமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் திரை படக்கென்று அணைந்தது.

இன்ஜினியர் பொத்தானை அழுத்தினார். வந்தது, மறுபடி போனது. ஒயரை ஆட்டினார். சாமி படத்தைப் பார்த்தார். என் மட்டக்குதிரை மட்டும் யாரையும் லட்சியம் பண்ணாமல் நடந்துகொண்டே இருந்தது. மத்தியான சங்கு ஊதும் நேரத்துக்குப் பம்ப் என் திரையில் முழுசாக நின்றது. லேத்துக்காரர்கள் கை தட்டினார்கள். மச்சினர் மொபெட் சாவியை விரலில் சுற்றினார்.

கூட்டம் கலைந்த பிறகு வெல்வெட்டில் கை வைத்துப் பார்த்தேன். இட்லிச் சட்டி மூடி மாதிரி கொதித்தது. காற்றுப் போகிற ஓட்டைகள் மேல் ஜரிகை அழகாக உட்கார்ந்திருந்தது. இதைச் சொன்னால் என் நாற்காலி போய்விடும். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க சார், இந்தத் துணி..."

முதலாளியும் வந்து கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். விரலை ஊதினார். வாசலை ஒரு தடவை பார்த்தார்.

"துணிக்கென்னுங்க? ஊட்ல தெச்சது. நல்லாத்தான் இருக்குது" என்றார். "தோத்துப்போச்சு, அவ்வளவுதான். மாப்ளைகிட்ட ஒண்ணு அனுப்பச் சொல்லீர்றேன்."

அப்படித்தான் எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது. பூஜை போட்ட நாளில் முதலாளியம்மாவும் வந்தார். கையில் புது உறை, அதே வெல்வெட், அளவு மட்டும் சின்னது.

"ஊட்டுக்குப் போறப்ப மட்டும் போட்டு மூடுங்க அம்மணி. ஓடறப்ப போட்டா வெந்துபோகும். பெருசுக்கும் அதுக்குத்தான் பொறத்தால நாடா வெச்சுத் தெச்சேன். இன்னிக்கு வரைக்கும் ஆராச்சும் அவுத்தாத்தானுங்க!"

இன்ஜினியர் கற்பூரத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்டி செல்லாது என்று முதலாளி சொல்லிவிடுவாரோ என்று நான் மௌஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனம்மணி, இது மெதுவாத்தான ஓடுது?"

"ஆமாங்க சார். மெதுவாத்தானுங்க."

"செரி, ஓடட்டும்" என்றார்.