அடங்கி எரிந்த அடுப்பு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. எல்லாருக்கும் அவள் பாத்தியாக்கா. தையல்காரி. சட்டையை இறுக்கிப் பிடித்துத் தைக்கவும் ஜிப் மாற்றவும் வருகிறவர்கள், கிளம்பும்போது வாசலில் ஒரு விசாரணையைத் தாண்டித்தான் போக வேண்டும். "வீட்டுல இஸ்திரிப்பெட்டிய அணைச்சிட்டு வந்தியா, பாத்தியா? படி வழுக்குது, பாத்தியா? பின்னால வண்டி வருது, பாத்தியா?" பார்த்தேன் என்று சொன்னாலும் விடமாட்டாள். நல்லாப் பாத்தியா என்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. தண்ணீர், உயரம், நாய், டாக்டர் ஒன்றும் பேசாமல் காகிதத்தைப் புரட்டுவது என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தீக்கு மட்டும் பெரும் பங்கு. அதை அநியாயம் என்றும் சொல்ல முடியாது. வீட்டின் முன்னறைதான் தையல் அறை. மூலைக்கு மூலை துணி. பஞ்சு வைத்த கோட்டுகள், லைனிங் சுருள்கள், வெட்டித் தள்ளிய துண்டுகள், மிஷினுக்கு அடியில் குவியும் நூல்பிசிறு. ஒரு பொறி பறந்தால் போதும் என்பாள். போதும்தான்.

கணவர் மாவு மில்லில் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். நாலடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஊரோ வருஷத்தில் பாதி நாள் குளிரில் விறைத்துக் கிடக்கும் ஊர். பனியின் பாரத்தில் மின்கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு விறகுதான். அவர்கள் வீட்டுப் பழைய அடுப்பின் கதவு வாய் பிளந்து கிடந்தது. புகை பாதி குழாயில் போனால் மீதி அவர் நெஞ்சுக்குள் போயிற்று.

"அடுப்ப மாத்தலாம். நுரையீரல மாத்த முடியாது" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு குளிர்காலம் இந்தப் புகையில இருந்தார்னா தாங்கமாட்டார். நான் சும்மா பயமுறுத்தலம்மா."

பாத்தியாக்காவைப் பயமுறுத்த வேறு ஆள் தேவையா? அன்று மத்தியானமே அடுப்புக் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் எரிந்துகொண்டிருந்த ஒரு அடுப்பின் முன்னால் இருவரையும் உட்கார வைத்தார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே கட்டைகளுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தீ பிறந்து ஆடியது.

"புகைன்னா என்னம்மா? எரியாம தப்பிச்சுப் போற விறகு. இதுல மேல இன்னொரு தடவ காத்து வருது, அந்தப் புகையும் எரிஞ்சிடும். வெளிய போய் குழாயப் பாருங்க, ஒண்ணுமே வராது."

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கணவருக்கு ஆசை பெரிய அடுப்பின்மேல். கடைக்காரர் அறையின் நீளம் அகலம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "சின்ன ரூமுக்குப் பெரிய அடுப்பு வாங்கினா வேர்த்துக் கொட்டும். அப்புறம் காத்த அடைப்பீங்க. அடைச்சா புகையும். அளவா வாங்குங்க, நல்லா எரிய விடுங்க. காஞ்ச விறகு போடுங்க, வருஷா வருஷம் குழாயச் சுத்தம் பண்ணுங்க."

"தீ பெருசாயிட்டா?" என்றாள் அவள்.

"இந்தப் பிடிய உள்ள தள்ளுங்க. காத்து குறையும், தீ அடங்கிடும்."

அவர் சொன்னது எவ்வளவோ. அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தது இந்தக் கடைசி வார்த்தையை மட்டும்.

அளவான அடுப்பு வந்தது. குழாய்க்காரர் வந்தார். கூரையில் ஏறி இறங்குகிறவர், ஊரில் யாருக்கும் அடுப்பு எரிக்கத் தெரியாது என்ற தீர்மானத்தோடு வாழ்கிறவர். பழைய குழாயைக் கழற்றிப் புதிய குழாயை மாட்டிவிட்டு, "கண்ணாடி கறுத்தா எனக்குச் சொல்லு" என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டுப் போனார்.

அடுப்பைப் பேணுவதில் பாத்தியாக்காவைக் குறை சொல்ல யாராலும் முடியாது. விறகைக் கோடையிலேயே பிளந்து, கூரை போட்ட கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கினாள். எடுக்கும்போது கட்டையோடு கட்டையைத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால்தான் வீட்டுக்குள் வரும், மொத்தென்று கேட்டால் கொட்டகைக்கே திரும்பும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, சுவரை விட்டுத் தள்ளிக் கல்மேல் வைப்பாள். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பாள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு விளிம்பில் காற்றை அடைக்கிற கயிறு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துணியையெல்லாம் எதிர்ச்சுவருக்கு மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கட்டிலிலிருந்து கிளப்பி வெளிக்கேட் வரை நடத்திப் பழக்கினாள். வழியில் மூச்சு வாங்க ஒரு நாற்காலி, ஆணியில் கோட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே செருப்பு. தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னைக்கு என்னக்கா, வெள்ளமா, பூகம்பமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க" என்பாள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தக் கண்ணாடி. அதன் வழியாகத் தீ அவளைப் பார்த்தது. மிஷினில் குனிந்து ஊசி கோக்கும்போதுகூட முதுகில் அதன் பார்வை தெரிந்தது. கட்டை வெடித்து ஒரு சத்தம் வந்தால் போதும், கை தானாகப் போய்ப் பிடியைத் தள்ளும். தீ சுருங்கிக் கட்டையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வரும். கணவர் வந்து பிடியை இழுப்பார். அவர் திரும்பியதும் தள்ளுவாள். கொஞ்ச நாளில் அவர் இழுப்பதை விட்டுவிட்டார். அவளுக்கு நிம்மதி. அடங்கி எரிகிற தீ ஆபத்தில்லாத தீ என்று நம்பினாள். அந்தக் குளிர்காலத்தில் கல்யாணமான நாளிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் தூங்கினாள்.

கண்ணாடி கறுத்தது. ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டு, அவர் எழுந்திருப்பதற்குள் துடைத்துவிடுவாள். மறுநாள் மறுபடி கறுக்கும். விறகு போடக் கதவைத் திறந்தால் புகை அறைக்குள் எட்டிப் பார்க்கும். புது அடுப்பு, பழக நாளாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குழாய்க்காரருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பிடியை இழுக்கச் சொல்வார் என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது.

கணவர் அடிக்கடி எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போவார். கேட்டால், "சும்மா, விறகு எவ்வளவு இருக்குன்னு பாக்கறேன்" என்பார். நடமாட்டம் நல்லது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு காலையில் நாத்தனார் வந்தாள், கணவரின் அக்கா. வாய் பெரிது, மனசும் பெரிது. உள்ளே வந்ததும் தம்பியின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

"ஏம்மா, இது அடுப்பா ஊதுபத்தியா? பையன் ஐஸ் மாதிரி இருக்கான்!"

பாத்தியாக்கா கொல்லையில் சாம்பல் கொட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணி, பிடியத் தொடாதீங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள். அதற்குள் நாத்தனார் சுள்ளிகளை வாரிப் போட்டுப் பிடியை முழுக்க இழுத்துவிட்டிருந்தாள். தீ பற்றிக்கொண்டு எழுந்தது. "இதுதான் அடுப்பு" என்று அவள் கையை நீட்டிக் குளிர்காய்ந்தபடி உட்கார்ந்தாள்.

முதலில் குழாய்க்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். அப்புறம் அது நிற்காமல் வளர்ந்தது. மேடு ஏற முடியாத லாரி ஒன்று வீட்டுக்குள் நின்று உறுமுவது போல ஆயிற்று. குழாய் நடுங்கியது. இணைப்பைச் சுற்றி ஒரு சிவப்பு தெரிந்தது. கூரைக்கு மேலே பொறி பறப்பதைக் கண்டு எதிர்வீட்டுக்காரர் அலறினார்.

பாத்தியாக்கா உள்ளே ஓடி வந்தபோது நாத்தனார் குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"தண்ணி ஊத்தாதீங்க! வெடிக்கும்! வெளிய போங்க!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து நாத்தனாரிடம் அவள் குரலை உயர்த்தியதில்லை. நாத்தனார் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். பாத்தியாக்காவின் கை தெரிந்த வேலையைச் செய்தது. கதவை இறுக்கினாள், பிடியைத் தள்ளினாள், கணவரின் தோளைத் தாங்கினாள். நாற்காலி. கோட்டு. செருப்பு. கேட். ஞாயிற்றுக்கிழமை நடந்தது போலவே நடந்தார்கள். தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. கூரையில் ஒரு மரச்சட்டம் கருகியதோடு வீடு பிழைத்தது. அவள் மட்டும் தெரு நடுவிலேயே நின்றாள். பயம் கோபமாக மாறியது.

"தொடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணி! கொன்னிருப்பீங்களே உங்க தம்பிய!"

நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தெரு முழுக்க அவளைத்தான் பார்த்தது. என் பயம்தான் சரி என்று பாத்தியாக்காவுக்கு உள்ளே ஒரு மூலையில் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் குழாய்க்காரர் வந்து குழாயைக் கழற்றினார். ஒரு துண்டை அவள் முன்னால் தரையில் தட்டினார். கருகிப் பொங்கிய கறுப்புச் சக்கை கொட்டியது. இன்னொரு துண்டின் உள்ளே தார் காய்ச்சி ஊற்றினாற்போல் பளபளப்பாக ஒட்டியிருந்தது.

"யார் பண்ணினது இது?" என்றார்.

"அவங்க அக்காதான் பிடியத் தொறந்துட்டாங்க."

"தொறந்தது யாருன்னு கேக்கல. மூடினது யாரு?"

அவளுக்குப் புரியவில்லை.

"சின்னத் தீயில வச்சா புகை எரியாது. சூடில்லாத குழாய்ல போய்த் தாரா ஒட்டிக்கும். நாளெல்லாம் மூடி மூடி வச்சு இதச் சேத்திருக்கீங்க. என்னைக்காவது ஒருநாள் ஒரு பெரிய தீ போட்டுத்தான் ஆகணும். அன்னைக்கு இது பத்தும். தொறந்தவங்க மேல என்ன தப்பு? நல்லா எரியற தீயக் கண்டு பயப்படாதீங்க, அடங்கிக் கிடக்கற தீயக் கண்டு பயப்படுங்க. யாரு மூடினது?"

அவள் தரையில் கிடந்த சக்கையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் கணவர் கட்டிலிலிருந்து. "விறகு மிச்சமாகுமேன்னு."

குழாய்க்காரர் திட்ட வேண்டியதையெல்லாம் அவரைத் திட்டினார். மூச்சு வாங்க அத்தனையையும் கேட்டுக்கொண்டார் அவர். ஆள் போன பிறகு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கண்ணாடி?"

"நீ துடைக்கறதப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருப்பேன்."

"புகை வந்துச்சே. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு நெனச்சேனே. நீங்க இருமவே இல்லையே."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே விறகுக் கொட்டகை தெரிந்தது. அவளுக்குப் புரிந்தது. அந்தக் குளிரில், விறகுக்கு நடுவில் நின்றுகொண்டு, இவளுக்குக் கேட்காமல் இருமிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"நீ பயப்படாம தூங்கி நான் பாத்ததே இல்ல. இந்த வருஷம்தான் தூங்கின. அதக் கெடுக்க மனசு வரல."

குழாய் உறுமியபோதுகூட அவளுக்கு இப்படிக் குளிர் எடுக்கவில்லை. எந்த மூச்சுக்காக அடுப்பு வாங்கினாளோ அதையே தன் கையால் அடைத்திருக்கிறாள். இவர் ஒருநாள் அந்தக் கொட்டகையிலேயே சாய்ந்திருப்பார். விறகு பார்க்கப் போனவர் என்று நினைத்துக்கொண்டு இவள் உள்ளே ஜிப் தைத்துக்கொண்டிருந்திருப்பாள். அதை நினைத்து வாய்விட்டு அழுதாள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். தெருவில் நாலு பேர் நிற்கும்போதே, வாசலில் வைத்தே சொன்னாள். "அண்ணி, மூடினது நான். தப்பு என்னோடது." நாத்தனார் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, "இத ஊருக்கெல்லாமா சொல்லுவாங்க, லூசு" என்று கட்டிக்கொண்டாள்.

புதுக் குழாய் மாட்டிய அன்று அடுப்பை அவளே பற்றவைத்தாள். காய்ந்த சுள்ளி, மேலே மெல்லிய கட்டை, அப்புறம் பெரிய கட்டை. பிடியைக் கடைசி வரை இழுத்தாள். தீ திமுதிமுவென்று எழுந்து கண்ணாடி முழுவதும் நிறைந்தது. வெளியே போய்க் குழாயைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டை வெடித்தது. அவள் கை பாதி தூரம் எழுந்து, மடிக்கே திரும்பி வந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"கொஞ்சம் மூடிக்கோயேன். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

"வேணாம்."

"பயமா இருக்கா?"

"ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். "இருக்கட்டும். நீங்க மூச்சு விடுங்க."