ஒரே சாமானுக்கு ஒரே சீட்டு

செல்வநாதன் முப்பத்தொரு வருடமாகச் சுரங்கத்தில் ஸ்டோர் கீப்பர். எந்த பேரிங் எந்த அடுக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அந்தப் பெருமையைக் கொஞ்சம் அதிகமாகவே சுமந்து திரிகிற மனிதர். ஒரே சாமானுக்கு இரண்டு சீட்டைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

மகள் எவாஞ்சலின் கடற்பாசி ஆராய்ச்சி செய்கிறவள். நடுக்கடல் தீவுகளைச் சுற்றி ஆழத்தில் என்னென்ன பாசி வளர்கிறது என்று கணக்கெடுக்க, நாற்பது நாள் கப்பலில் போய்வந்தாள். தொண்ணூறு மீட்டர் ஆழம்வரை இரும்புக் கூடையை இறக்கி அள்ளிய பாசிகள். "நம்ம மைன்ஸ் ஆழத்துக்கு எறங்கியிருக்காங்க!" என்று செல்வநாதன் குடியிருப்பு பிளாக் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அவள் தங்கியிருந்த விடுதி அறையில் ஈரம் என்பதால், வெள்ளைத்தாளில் பரப்பிய பாசிகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்திருந்தாள். மொத்தம் எண்பத்தாறு. எந்தத் தீவு, எத்தனை மீட்டர் என்பது ஒவ்வொன்றோடும் செருகிய அட்டைச் சீட்டில் மட்டும் இருந்தது.

மூன்று நாள் கூட்டத்துக்குச் சென்னை கிளம்பும்போது, "தெனம் நியூஸ்பேப்பர மட்டும் மாத்துங்கப்பா, இல்லன்னா பூசணம் புடிச்சிடும்," என்றாள்.

ஷிப்ட் முடிந்து வந்து சிரத்தையாக மாற்றினார். மாற்றும்போது பார்த்தால், ஒரே மாதிரி சிவப்புப் பாசி இருபது தாளில் இருந்தது. இருபதுக்கும் வேறுவேறு சீட்டு. ஸ்டோரில் இப்படி இருந்தால் ஆடிட்டில் மானம் போய்விடும். பாவம், பிள்ளை கப்பல் அவசரத்தில் குழப்பிவிட்டாள் என்று மனமிரங்கி, எண்பத்தாறையும் சாயல் பார்த்துப் பிரித்து அடுக்கினார். சீட்டுகளையெல்லாம் உருவி ஒரே கட்டாக ரப்பர் பேண்டு போட்டார்.

"ஒரே சாமான் இருபது எடத்துல கெடந்துச்சிம்மா. எல்லாம் சரி பண்ணிட்டேன்," என்றார், அவள் திரும்பி வந்ததும்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதெல்லாம் ஒரே சாமான் இல்லப்பா. மைக்ராஸ்கோப்புல பாத்தாதான் வித்தியாசமே தெரியும். எது எங்கேந்து வந்துச்சின்னு சீட்டுலதாம்பா இருந்துச்சி."

கப்பலில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு அன்று முழுவதும் போராடினாள். பத்தொன்பதுதான் அடையாளம் தெரிந்தது. கப்பல் இனி அந்தப் பக்கம் போகாது. செல்வநாதன் ஒவ்வொரு தாளாக எடுத்து வெறித்துப் பார்த்தார். முட்டி மோதிப் பார்த்தும் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அழுகை வந்தது.

"என்னத் திட்டிடும்மா."

"திட்டி என்னாப்பா ஆவப்போவுது? நானும் தாள்லயே எழுதியிருக்கணும்."

அதற்கு அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் காலை பென்சிலோடு உட்கார்ந்தாள். அவர் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, மிச்சமிருந்த அறுபத்தேழு தாளிலும் 'தீவு தெரியவில்லை, ஆழம் தெரியவில்லை' என்று எழுத ஆரம்பித்தாள். இருபதாவது தாளில் முனை ஒடிந்தது. செல்வநாதன் சீவிக் கொடுத்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.