இரண்டாகக் கிடந்த வள்ளம்

பிலோமிச் சேச்சிக்கு இடது தோள் இன்னும் சரியாக உயராது. சுத்தியல் விழுந்த தோள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கில் கலைக் கண்காட்சி நடந்தபோது நான் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். சேச்சி உள்ளே நின்று, வருகிறவர்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வார். அதற்குமுன் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். "அழகா இருக்கான்னு தேடாதே மோளே. எது உன்னைக் குத்துதுன்னு பாரு, அங்கேருந்து தொடங்கு" என்பார். மீன்காரிகளும் ஆட்டோக்காரர்களும் அவருக்காகவே வந்தார்கள்.

கிடங்கின் நடுவே ஒரு வள்ளம், மீன்பிடிப் படகு. கடலில் கப்பல் மோதி இரண்டானது. கலைஞர் இரு பாதிகளையும் அப்படியே தரையில் கிடத்தி, நடுவில் வழி விட்டிருந்தார். ஜனங்கள் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் செல்லானம் மீனவக் கிராமத்திலிருந்து வறுதுட்டி என்று ஒருவன் வந்தான், கையில் சுத்தியலோடு. அந்த வள்ளத்தில் செத்தது அவன் தம்பி. வாசலில் என்னைத் தள்ளிய வேகத்தில் என் பல் உதட்டில் இறங்கியது.

"என் தம்பி செத்த வள்ளம்டி இது! எந்த நாயாவது வள்ளத்துல செருப்போட ஏறுமா?"

ஷூவோடு மேலே நின்றிருந்த ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் அறைந்தான். பிறகு வள்ளத்தையே நொறுக்கச் சுத்தியலை ஓங்கினான். சேச்சி குறுக்கே பாய்ந்தார். எலும்பு முறிந்தது எனக்கு வாசல்வரை கேட்டது.

"உடைடா," என்றார், கீழே கிடந்தபடி. "கப்பல்காரன் சந்தோஷப்படுவான். அவன் செஞ்சதைக் காட்ட இதை விட்டா வேற என்ன இருக்கு உங்கிட்ட?"

"நீ காட்டிக் கிழிச்சது போதும்!"

"செருப்பு விஷயம் எனக்குத் தோணலடா. நான் கொட்டகைக்காரி, வள்ளத்துல ஏறினவ இல்ல. நீ சொல்லு. தம்பி எந்தப் பக்கம் இருந்தான்?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பினான். சுவரில், வள்ளம் எதனால் ஆனது என்று சொல்ல, 'மரம், தார், இரும்பு' என்று எழுதி ஒரு அட்டை மாட்டியிருந்தது. அதன்மேல் பாய்ந்தான். போலீஸ் வந்து இழுக்கும்வரை சுவரை அடித்துக்கொண்டே இருந்தான். வள்ளம் தப்பியது.

தோள் முறிந்ததற்குச் சேச்சி புகார் கொடுக்க மறுத்துவிட்டார். கட்டோடு வேலைக்குத் திரும்பியவர் வள்ளத்தின் முன்னால் எல்லோரையும் செருப்பைக் கழற்ற வைத்தார். தரை அழுக்கு என்று ஒரு பெரிய மனிதர் முணுமுணுத்தார். "கழட்டலேன்னா காலையும் சேர்த்துக் கழட்டுவேன் சாரே."

கண்காட்சி முடிகிற வாரம் வறுதுட்டி மறுபடி வந்தான், வெறுங்கையோடு, வெறுங்காலோடு. எஞ்சின் இருந்த பாதியின் முன் மண்டியிட்டான்.

"இங்க," என்றான் சேச்சியிடம்.

அந்த இடத்தை முஷ்டியால் குத்தினான். திரும்பத் திரும்பக் குத்தினான். தோல் கிழிந்து தார்மேல் ரத்தம் ஒழுகியது. காவலாளி ஓடி வந்தார். சேச்சி நல்ல கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "சேச்சி, இதுவும் இந்தக் கலையில சேர்ந்ததா?"

"இல்ல மோளே. செத்தவனோட அண்ணன். வாயை மூடிக்கிட்டுப் பாரு."